இரண்டு இணைப்பில் நேரலை: கேள்வி பதில்

நேரலை வீடியோ, குரல் இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் அனுப்புவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: வீட்டு ஃபைபரையும் 5ஜி சிம்மையும் சேர்த்தால் நேரலை வேகமாகப் போகுமா?

ப: கொள்ளளவு கூடும். தாமதம் குறையாது, சில நேரம் கூடவும் செய்யும். ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்ச்சேர ஃபைபரில் 20 மில்லிசெகண்ட், சிம்மில் 120 என்று வையுங்கள். 1, 3 எண் பாக்கெட்டுகள் ஃபைபரில்; 2 சிம்மில். மூன்றாவது சீக்கிரமே வந்தாலும், பாக்கெட்டுகளை வரிசையாகவே ஒப்படைக்கும் டிசிபி விதிமுறை அதை வரிசை மாற்றிக் கொடுக்காது. இரண்டாவதுக்காக 100 மில்லிசெகண்ட் நிறுத்தி வைக்கும். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது இரண்டரை ஃபிரேம். எனவே எந்தப் பாதை காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், கெடுவுக்குள், அதாவது திரையில் காட்ட வேண்டிய நேரத்துக்குள், போய்ச்சேருமா என்று பாருங்கள். சேராது என்றால் சிம் சும்மா கிடக்கட்டும். கெடு தாண்டிய பாக்கெட்டை அனுப்பவே வேண்டாம்.

கே: அதற்குத்தானே ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபி?

ப: இணைப்பு அறாமல் காப்பதுதான் அதன் பலம். ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இல் சிரி குரல் உதவிக்கு அதைப் பயன்படுத்தியது. வாசலைத் தாண்டும்போது வைஃபை மங்கினாலும் மொபைல் டேட்டாவில் தொடரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பில் (2020) சேர்ந்தது. ஆனால் வரிசைக் கட்டாயம் அங்கும் உண்டு. நேரலைக்கு, வரிசைக்காகக் காத்திருக்காத யுடிபி மேல் ஓடும் ஆர்டிபி, எஸ்ஆர்டி என்ற நேரலை விதிமுறைகள்தான் என் தேர்வு.

கே: அண்ணா, இரண்டு கம்பெனி சிம் போட்டால் பாதுகாப்புதானே?

ப: இரண்டும் ஒரே டவரில் இருக்கலாம். டவர் வேறாக இருந்தாலும் ஃபைபர் ஒரே குழியில் போகலாம். ஜேசிபி ஒருமுறை தோண்டினால் இரண்டும் போச்சு.

கே: இரண்டு நெட் சேர்த்தால் ஸ்பீடு டபுளா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஒரே பாக்கெட்டை இரண்டு பாதையிலும் நகலாக அனுப்புவது வீண். தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க, பத்து பாக்கெட்டுக்கு இரண்டு மீட்புப் பாக்கெட் சேர்க்கும் எஃப்இசி முறையில் 20% கூடுதல் போதுமே?

ப: குரலுக்கு இதை ஒப்பவே மாட்டேன். ஜி.711 என்ற தொலைபேசிக் குரல் முறையில் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட். ஹெடரோடு (பாக்கெட்டின் முகவரித் தகவல்) வினாடிக்கு 80 கிலோபிட். நகலோடு 160. இது ஒரு சுமையா? உங்கள் முறையில் முதல் பாக்கெட் தொலைந்தால், பத்து பாக்கெட் கட்டு நிரம்ப ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. நகல் முறையில், ஒவ்வொரு பாதையிலும் 1% தொலைந்தாலும், இரண்டிலும் ஒரே பாக்கெட் தொலைவது பத்தாயிரத்தில் ஒன்றுதான். இரண்டும் ஒரே குழியில் போனால் இந்தக் கணக்கு செல்லாது.

கே: (அதே நண்பர்) அப்போ 8 மெகாபிட் வீடியோவுக்கும் நகலா? 16 மெகாபிட் அப்லோடுக்கு எங்கே போவது?

ப: இதில் நீங்கள் சொல்வது சரி. அந்த வேகத்தில் வினாடிக்கு எழுநூறுக்கு மேல் பாக்கெட் போகும். பத்து பாக்கெட் 15 மில்லிசெகண்டுக்குள் நிரம்பிவிடும். அங்கே எஃப்இசிதான் லாபம். மீட்புப் பாக்கெட்டை மற்ற பாதையில் அனுப்புங்கள். முழுப் படத்தையும் சுமக்கும் ஃபிரேமான கீஃபிரேமுக்கு மட்டும் நகல் எடுங்கள். அது தொலைந்தால் அடுத்த கீஃபிரேம் வரை படம் உடையும். ஒளிபரப்பு நிலையங்கள் எஸ்எம்பிடிஇ 2022-7 என்ற ஒளிபரப்புத் தர முறையில் முழு ஓட்டத்தையும் இரண்டு நெட்வொர்க்கில் அனுப்புகின்றன. அவர்களிடம் அதற்கென்றே ஒதுக்கிய கொள்ளளவு இருக்கிறது.

கே: மூன்று சிம் போட்டால்?

ப: சிம்மை எண்ண வேண்டாம். டவரையும் குழியையும் விசாரியுங்கள்.

கே: எந்த ரவுட்டர் வாங்கலாம்?

ப: மாடல் சொல்வது என் வேலை இல்லை. எஃப்க்யூ-கோடெல் வசதி (பாக்கெட்டுகள் ரவுட்டரில் தேங்காமல் பார்த்துக்கொள்வது) உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கே: பிங் (ஒரு பாக்கெட் போய்வரும் நேரம்) 20 மில்லிசெகண்ட்தான் காட்டுகிறது. நேரலை தொடங்கியதும் 400 ஆகிவிடுகிறது. இன்னொரு இணைப்பு வாங்கவா?

ப: இப்போது வேண்டாம். உங்கள் அப்லோட் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் அனுப்பக் காத்திருக்கும் இடம், நிரம்பி வழிகிறது. அளந்த அப்லோடில் முக்கால் பங்குக்கு மேல் வீடியோவின் பிட்ரேட் (வினாடிக்கு அனுப்பும் அளவு) வைக்காமல், மேலே சொன்ன எஃப்க்யூ-கோடெலையும் போட்டு மறுபடி பிங் பாருங்கள். அப்போதும் எகிறினால் அந்த எண்களோடு வாருங்கள், பார்க்கலாம்.