அவருக்குப் பின்னால் யார்?

கேள்வி: மகனைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தபோது கோனிக்ஸ்பிரோன் என்ற சிற்றூரில் கியோர்க் எல்சர் என்பவரின் நினைவகத்துக்குப் போனேன். 1939-லேயே ஹிட்லருக்குக் குண்டு வைத்த தச்சராம். ஒரு தச்சர் தன்னந்தனியாக இதைச் செய்திருக்க முடியுமா? அவருக்குப் பின்னால் இருந்தது யார்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர்தான் ஹிட்லருக்குப் பின்னால் இருந்தார். மியூனிக்கில் பியூர்கர்பிராய்கெல்லர் என்ற பெரிய பீர் மண்டபம். ஆண்டுதோறும் நவம்பர் 8 இரவு ஹிட்லர் அங்கே பேசுவார். மேடைக்குப் பின்னால் ஒரு தூண். அந்தத் தூணைக் குடைந்துதான் எல்சர் குண்டு வைத்தார். தூண் என்றதும் உங்களுக்கு நரசிம்மர் ஞாபகம் வரும். அவருக்குப் பின்னால் யார் என்று இரணியன் விசாரிக்கவில்லை. அவனுக்கு நேரம் இல்லை.

நமக்கு நேரம் நிறைய இருக்கிறது, ஆகவே கேட்கிறோம். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள். அம்பைக் கண்டால் கை தானாக எய்தவனைத் தேடும். உங்கள் ஊரிலேயே ஓர் இலக்கிய அமைப்பின் செயலாளர் இருக்கிறார், பெயர் வேண்டாம். பதினெட்டு வருடமாக எனக்கு ஒரே கடிதத்தை எழுதிவருகிறார்: 'இந்தப் பத்திரிகைக்குப் பின்னால் இருப்பது யார்?' ஒருமுறை வெளிநாட்டு அறக்கட்டளை என்று அவரே கண்டுபிடித்து ஒரு கூட்டத்தில் அறிவித்தும் விட்டார். முகவரி கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள் என்று தபாலட்டை போட்டேன், பைண்டிங்காரருக்கு மூன்று மாத பாக்கி இருந்தது. பதில் இல்லை. இந்தப் பத்திரிகைக்குப் பின்னால் உண்மையில் இருப்பது ஒரு மாட்டுக்கொட்டகை. ஜன்னலைத் திறந்தால் தெரியும். ஆடி மாதத்தில் திறக்காமலே தெரியும்.

எல்சருக்கு வருவோம். இந்த ஆளிடம் எய்தவன், அம்பு, அம்பைச் செதுக்கியவன் மூவரும் ஒருவரே. 1903-இல் பிறந்தவர். உங்கள் கோனிக்ஸ்பிரோனில் வளர்ந்து, முதலில் அங்கே இரும்பாலையில் கடைசல் வேலை பழகி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் தச்சுக்கு வந்தவர். கான்ஸ்டன்ஸில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றிலும் வேலை பார்த்தார். பின்னாளில் கைகொடுத்தது அந்தக் கடிகார வேலைதான். சிதர் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். வானொலியில் ஹிட்லர் பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். 1938 இலையுதிர் காலத்தில், போர் வரப்போகிறது, இந்த ஆளை அகற்றாமல் அது நிற்காது என்று முடிவுகட்டினார். நவம்பரில் மியூனிக் போய் மண்டபத்தை நோட்டம் பார்த்தார். காவலே இல்லை. ஹைடன்ஹைமில் வேலைபார்த்த ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தார். பிறகு தன் ஊர்க் கல்குவாரியில் கூலிக்குச் சேர்ந்து வெடித்தோட்டாக்களையும் சேர்த்தார்.

1939 ஆகஸ்டில் மியூனிக்கில் அறை எடுத்தார். மாலையில் அந்த மண்டபத்திலேயே சாப்பிடுவது, கடை அடைக்கும்போது ஒளிந்துகொள்வது, ஆட்கள் போனதும் தூணருகே முழங்காலிட்டு வேலை. முப்பது, முப்பத்தைந்து இரவுகள். தூணின் மரப்பலகையை அறுத்துக் கதவாக்கினார். யாராவது தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல் என்று தெரிந்துவிடுமே? கதவின் உட்புறம் தகரம் அடித்தார். டிக் டிக் கேட்டுவிடுமே? தக்கை வைத்து அடைத்தார். ஒரு கடிகாரம் நின்றுபோனால்? இரண்டு வைத்தார். எங்கள் அலுவலகத்து அலமாரியைச் செய்தவர் இவற்றில் ஏதாவது ஒன்றை யோசித்திருந்தால் அதன் கீழே பழைய தீபாவளி மலரை மடித்துச் செருக வேண்டி வந்திருக்காது.

ஒன்றைத்தான் அவரால் கணக்குப் போட முடியவில்லை: மேடைப் பேச்சாளர் ஒருவர் சீக்கிரம் முடிப்பார் என்று. பனிமூட்டத்தால் விமானத்தை விட்டு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஹிட்லர் 9.07-க்கே கிளம்பிவிட்டார். குண்டு 9.20-க்கு வெடித்தது. பதின்மூன்று நிமிடம். இறந்த எட்டுப் பேரில் ஒருவர் பரிமாறும் பெண். நாஜிகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இருக்கிறது. அதை நியாயப்படுத்தும் வாக்கியம் என்னிடம் இல்லை. அதற்காகப் போரை நிறுத்தப் பார்த்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன்.

குண்டு வெடிக்கும் முன்பே, 8.45 மணிக்கு, சுவிஸ் எல்லையருகே கான்ஸ்டன்ஸில் சுங்க ஊழியர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள். சட்டைப்பையில் அந்த மண்டபத்தின் படம் போட்ட தபாலட்டை வைத்திருந்தார்! விசாரணையில் அவரைக் காட்டிக்கொடுத்தவற்றுள் அவருடைய முழங்கால்களும் உண்டு. அத்தனை இரவு தரையில் ஊன்றிச் சீழ்பிடித்துப் போயிருந்தன. (அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஓர் இதழை எடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கு இன்னொருவர் கை வேண்டும். இதை ஒப்பிட்டுச் சொல்லவில்லை, புலம்புகிறேன்.)

அப்புறம் தொடங்கியது உங்கள் கேள்வி. முதலில் கேட்டவர்கள் நாஜிகள். மறுநாளே டச்சு எல்லையில் வென்லோவில் இரண்டு பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைக் கடத்திவந்து, இவர்கள்தான் பின்னால் என்றார்கள். எல்சரோ எல்லாம் நானே செய்தேன் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். நம்ப மறுத்தார்கள். 1945 ஏப்ரல் 9 அன்று டாஹௌ வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். இருபது நாள் கழித்து அமெரிக்கப் படை வந்தது. போர் முடிந்ததும் எதிர்த்தரப்பு அதே கேள்வியைக் கையில் எடுத்தது. மார்ட்டின் நீமோலர், நாஜிகளின் முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பாதிரியார், அவரே எல்சரை நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆள் என்றார். எல்லாமே ஹிட்லர் போட்ட நாடகமாம். விசாரணை அறிக்கை 1964-இல்தான் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது, 1970-இல் புத்தகமானது. பின்னால் யாரும் இல்லை என்று அப்போதுதான் ஊர் உலகம் ஒப்புக்கொண்டது, அதுவும் மனமில்லாமல்.

ஏன் மனமில்லை? பின்னால் ஆள் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அவனுக்கு ஆளிருந்தது செய்தான், நமக்கு ஆளில்லை இருந்துவிட்டோம் என்று படுத்துத் தூங்கலாம். தொடக்கப் பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போன ஒருவருக்கு 1938-இல் தெரிந்தது பேராசிரியர்களுக்கும் தளபதிகளுக்கும் தெரியவில்லை என்றால் தூக்கம் வருமா? 1944-இல் ஹிட்லருக்குக் குண்டு வைத்த கர்னல் ஸ்டாஃபன்பெர்க்கின் கூட்டத்தாருக்கு 1953-லேயே பெர்லினில் நினைவுச்சிலை வைத்தாயிற்று. தச்சருக்குச் சொந்த ஊரில் நினைவகம் 1998-இல். ஊரைக் குறை சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்து எல்லோரையும் குடைந்தெடுத்தது, குடும்பத்தைப் பெர்லினுக்கு அள்ளிப்போனது, குவாரி முதலாளி முகாமுக்குப் போனார். 'கொலைமுயற்சியூர்' என்று பட்டப்பெயர் வேறு. உள்ளூர்க்காரர்களுக்கு அவர் நெடுங்காலம் ஒரு வம்புதான்.

மியூனிக்கில் இப்போது தினமும் இரவு 9.20-க்கு, அவர் குடியிருந்த தெருவருகே, ஒரு சுவரில் நியான் விளக்கு எரியும்படி வைத்திருக்கிறார்கள். அடுத்தமுறை மகன் கூப்பிட்டால் அங்கேயும் போய்வாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், சந்தா முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்து நான்கு மாதமாகிறது.