டைரக்‌ஷன் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

உங்கள் கடிதம் படித்தேன். மகள் பி.ஏ. வரலாறு முடிக்கப்போகிறாள், 1971 வங்கதேசப் போரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பேன் என்கிறாள். பெரியப்பா எம்.பி.ஏ. என்கிறார். மாமாவோ, 'சினிமாதான் என்றால் லண்டனில் டைரக்‌ஷன் படிக்கட்டும், வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் போடலாம்' என்கிறார். உங்கள் கவலை புரிகிறதம்மா. ஆனால் இரண்டுமே வேண்டாம். விருப்பமில்லாத பிள்ளைக்கு எம்.பி.ஏ. வீண். டைரக்‌ஷன் சான்றிதழைப் பார்த்து யாரும் படம் கொடுப்பதில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஏறும்.

ஒரு தேதி சரியா என்று பார்க்க நாள்கணக்கில் நூலகத்தில் உட்காருவாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் அவள் வழி இருக்கிறது. போர் ஆவணப்படங்களுக்குப் பழைய காட்சிகளைத் தேடித் தருகிற ஆர்க்கைவ் ஆய்வாளர் வேலை அது.

லியர் லெவின் என்ற அமெரிக்கர் 1971-ல் அகதி முகாம்களில் பாடிய கலைக்குழுவுடன் பயணித்து, சுமார் 20 மணி நேரக் காட்சிகளை எடுத்தார். அவை நியூயார்க்கில் அவரிடமே ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. தாரிக் மசூத், கேத்தரின் மசூத் என்ற இயக்குநர் தம்பதி தேடிப் பெற்றதால்தான் 1995-ல் 'முக்திர் கான்' என்ற ஆவணப்படம் வெளிவந்தது.

கிடைத்தால் மட்டும் போதாது. எந்த ஊர், எந்த மாதம், யார் எடுத்தது என்று ஷாட் ஷாட்டாக நிறுவ வேண்டும். அந்தப் போரில் இறந்தவர்கள் 30 லட்சம் என்கிறது வங்கதேச அரசு. மிகக் குறைவாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரு காட்சிக்குத் தவறான ஊர்ப்பெயர் போட்டால், செத்தவர்களுக்கே அநியாயம். உரிமைச் சட்டமும் தெரிய வேண்டும்: இந்தியாவில் 1971-ல் வெளியான படத்துக்கு 2031 முடியும்வரை காப்புரிமை உண்டு, அமெரிக்க ராணுவம் எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமையே கிடையாது.

மாதச் சம்பளம் அரிது, படத்துக்குப் படம்தான் பணம். அதனால் எடிட்டிங்கையும் கையில் வைத்திருக்கட்டும். மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் நடத்தும் படச்சுருள் பாதுகாப்புப் பட்டறைக்கு விண்ணப்பிக்கலாம். வங்காள மொழியை இப்போதே படிக்கட்டும். செலவு உங்கள் சேமிப்புக்குள் அடங்க வேண்டும். பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.

இந்த விடுமுறையில், இணையத்தில் கிடைக்கும் 1971 செய்திப்படம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடம், தேதி, ஆதாரம் எழுதச் சொல்லுங்கள். அலுக்காமல் முடித்தால், அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள்.