கிளாஸ்கோ சிலையின் தலையில் போக்குவரத்துக் கூம்பு இருப்பது ஏன்? நகர மன்றம் அதை ஏன் அகற்றுவதில்லை?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நவீனக் கலைக்கூடத்தின் வாசலில் குதிரைமீது அமர்ந்திருப்பவர், வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. (குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன் இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.) கார்லோ மரோகெட்டி வடித்த இச்சிலை 1844இல் நிறுவப்பட்டது. 1980களிலிருந்து இரவு நேரங்களில் யாராவது ஏறி, சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பை அவர் தலையில் கவிழ்த்துவிடுகிறார்கள். அகற்றினால் விரைவிலேயே இன்னொன்று வந்துவிடுகிறது.

மன்றம் அகற்ற முயலவில்லை என்பது சரியன்று. கூம்புகளை இறக்குவதற்கே ஆண்டுக்குச் சுமார் 10,000 பவுண்டு செலவாவதாகக் கணக்குக் காட்டி, யாரும் ஏற முடியாதபடி பீடத்தை உயர்த்துவது உட்பட 65,000 பவுண்டு மதிப்பிலான சீரமைப்புத் திட்டத்தை 2013இல் அது முன்வைத்தது. உடனே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட, திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவு பற்றுதல் எதனால்? பிரபுவின் முகத்தில் உள்ள கம்பீரம் சிறிதும் குலையாததுதான் வேடிக்கையின் உயிர் என்பது என் கருத்து. கோமாளி வேடமிட்ட சிலையாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். மேலும், இக்கேலி எளியவர் எவரையும் புண்படுத்துவதில்லை. ஏறுவது ஆபத்தானது என்பதும், அதனால் சிலைக்குச் சேதம் நேர்ந்திருக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் 2023இல் அதே கலைக்கூடத்தில் கண்காட்சி நடத்திய தெரு ஓவியர் பேங்க்ஸி, பிரிட்டனில் தமக்கு மிகவும் பிடித்த கலைப்படைப்பு இந்தக் கூம்புச் சிலைதான் என்றார்.