ஆப்பிள் ஜூஸ் நுரைக்காததற்குக் காரணம்

வீட்டிலேயே ஆப்பிள் மது தயாரிக்க, கடையில் வாங்கிய ஆப்பிள் ஜூஸில் ஈஸ்ட் போட்டு நான்கு நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை என்கிறீர்கள். ஈஸ்டைக் குறை சொல்லும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொட்டாசியம் சார்பேட் (202) அல்லது சோடியம் பென்சோயேட் (211) இருந்தால் அதுதான் காரணம். ஈஸ்ட் பெருகாமல் தடுக்கவே அவற்றைச் சேர்க்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் போகாது, இன்னும் ஈஸ்ட் கொட்டுவதும் பெரும்பாலும் வீண்தான்.

பாஸ்ச்சரைஸ் (சூடாக்கிக் கிருமிகளை அழிப்பது) மட்டும் செய்த ஜூஸ் வாங்குங்கள். வைட்டமின் சி சேர்த்திருந்தால் பரவாயில்லை. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை இருந்தாலே சுமார் 6 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். முதல் தடவைக்கு அது தாராளம்.

அப்புறம், மூடியை இறுக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இப்போதே தளர்த்துங்கள். தாமதமாக நொதிக்கத் தொடங்கினாலும் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும்.