'பேசியவர்கள்' பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கடலூர் அருகே கடற்கரைக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருக்கிறேன். குழந்தைகளின் உரிமைகளை மாணவர்கள் தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னே போகிறார்கள். "உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் எதிர்த்துப் பேசத்தானே செய்யும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதை எப்படிக் கற்பிப்பது?

பதில்: பிள்ளைகள் மீது தவறில்லை. வாய்ப்பாட்டைப் போல நாம் கொடுத்ததை வாய்ப்பாட்டைப் போலவே திருப்பித் தருகிறார்கள். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 54 பிரிவுகள் உள்ளன. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அத்தனையும் வேண்டாம். எந்தக் குழந்தையிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் 2ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தரும் 12ஆம் பிரிவும் உங்கள் வகுப்பறையில் நடைமுறைக்கு வந்துவிட்டால் ஓராண்டுக்கு அதுவே போதும்.

கரும்பலகையின் மூலையிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் வெளியே சென்றதும் வகுப்புத் தலைவர் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவதும், மறுபடி பேசினால் பெயருக்கு அருகில் பெருக்கல் குறி போடுவதும் நாம் அனைவரும் அறிந்ததே. ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது, மூன்று பெருக்கல் குறி வாங்கியிருந்த சிறுவனை அழைத்து என்ன பேசினாய் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவளின் பென்சில் முனை உடைந்துவிட்டதால் ஷார்ப்னர் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தானாம். இதை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "யாரும் கேக்கல சார்" என்றான். 12ஆம் பிரிவை விளக்க எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

பெயர் எழுதும் முன் என்ன கேட்க வேண்டும், தவறாக எழுதப்பட்ட பெயரை எப்படி அழிப்பது, யார் யார் முறை வைத்து எழுதலாம் என்று மாணவர்களையே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். சத்துணவு வரிசைக்கும் இதுவே வழி. முதல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அழைத்து, தள்ளப்படும்போது தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லவைத்து, அதன் பிறகு விதியை அவர்களே அவர்கள் சொற்களில் எழுதட்டும். துடைப்பம் எப்போதும் பெண் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறதா, யார் பக்கத்தில் உட்கார யார் தயங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பாகுபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு தவறை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "கடமையைச் செய்தால்தான் உரிமை" என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கும் சோறு உண்டு, அடிபடாமல் இருக்கும் உரிமையும் உண்டு. எனக்கு இருப்பது அவனுக்கும் இருக்கிறது என்று உணரும் பிள்ளையிடம் பொறுப்பு தானாகவே வரும்.

பொது விழுமியங்களுக்கான பாடம் உங்கள் கிராமத்திலேயே இருக்கிறது. கடலுக்குப் போய் வந்தால் பங்கு பிரிப்பதை உங்கள் மாணவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். காய்ச்சலில் படுத்திருந்தவருக்குப் பங்கு கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். நீதியைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்களே வியப்பீர்கள். 2011 டிசம்பர் இறுதியில் வீசிய 'தானே' புயலின்போது யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். 2004 சுனாமியைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லாதீர்கள். சில வீடுகளில் அந்தக் கேள்வி ஆறாத புண்ணைக் கிளறிவிடும்.

பெற்றோரின் அச்சத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுவது நல்லது. சட்டப்படி அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்கள்தான். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்துப் பழகியவர்களிடம், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காரணம் கேட்கும் பிள்ளை மரியாதை இல்லாத பிள்ளை அல்ல. மரியாதையோடு எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறோம் என்று விளக்கி, பெயர்ப்பட்டியல் விதியை மாணவர்களே எழுதிய தாளை அவர்களிடம் காட்டுங்கள்.

இன்னொன்றுக்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். உரிமை பற்றிப் பேசத் தொடங்கிய வகுப்பில், என்றேனும் ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையை உங்களிடம் சொல்லக்கூடும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் முன்னிலையில் விசாரிக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காமல், அது சொன்ன சொற்களையே குறித்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றமாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இன்றே எழுதிவையுங்கள்.