பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு

கேள்வி: சார், அல்சூர்ல மூணாவது மாடி பால்கனியில ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வச்சிருக்கேன், சிவாஜிநகர்ல வாங்கினது, ரெண்டுமே பச்சை. இந்த தடவை நாலு குஞ்சு பொரிச்சுது, அதுல ஒண்ணு சுத்தமா நீலம். பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு "இது அந்த ஆணுக்கு பொறந்தது இல்ல"ன்னு சிரிக்கறாங்க. இந்த நீலத்தையும் கூடப்பொறந்ததையும் ஜோடி சேத்தா நிறைய நீலம் வருமான்னு என் பொண்ணு கேக்கறா. இன்னொண்ணு, தாய் ரெண்டு முட்டைய பானைக்கு வெளிய கூண்டு தரையிலயே போட்டுடுச்சு, நான்தான் எடுத்து உள்ள வச்சேன், தப்பா? - அல்சூர் வாசகி

பதில்: அக்கா, மொதல்ல அந்த பெட்டை மேல விழுந்த பழிய துடைச்சிடுவோம், பாவம் அது எங்கயும் போகல. பச்சைன்னு நாம பாக்கறோமே, அந்த இறகுல பச்சை சாயமே கிடையாது. மஞ்சள் சாயம் ஒண்ணு இருக்கு, அப்புறம் இறகோட உள் அமைப்பு வெளிச்சத்தை சிதறடிச்சு நீலமா காட்டுது, ரெண்டும் சேந்து நம்ம கண்ணுக்கு பச்சை. மஞ்சள் சாயம் உண்டாகலைன்னா மிச்சம் நீலம்தான். ஒரே ஒரு ஜீன்ல ஒரு சின்ன மாற்றம்தான் இதுக்கு காரணம்னு 2017ல கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் ஒவ்வொரு பறவைகிட்டயும் ரெண்டு காப்பி இருக்கும், அதுல ஒண்ணு நல்லா இருந்தாலே மஞ்சள் வந்துடும், பறவை பச்சையா திரியும், ஆனா கெட்ட காப்பி உள்ள ஒளிஞ்சிருக்கும், வளக்கறவங்க இதைத்தான் ஸ்ப்ளிட்னு சொல்றாங்க. உங்க ஜோடி ரெண்டுமே ஸ்ப்ளிட். அப்படின்னா ஒவ்வொரு குஞ்சுக்கும் நாலுல ஒரு பங்கு நீலமாகற வாய்ப்பு. பக்கத்து வீட்டம்மாகிட்ட இந்த பக்கத்தை காட்டுங்க.

இன்னொரு விஷயம், இது லவ் பேர்ட்ஸே இல்ல. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா பறவை, உங்ககிட்ட இருக்கறது பட்ஜி, ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பூமியில கூட்டம் கூட்டமா பறக்கறது, 1840ல ஜான் கூல்ட் உயிரோட இங்கிலாந்துக்கு கொண்டு போனார், அங்கிருந்து உலகம் பூரா பரவிடுச்சு. உடம்புல அந்த வரி வரியான கோட்டை பாத்து தரைக்கிளிகளோட வகையில ரொம்ப நாள் சேத்து வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பாத்தா நெருங்கின சொந்தம் லோரிங்கிற தேன் நக்கற கலர் கிளிங்க. நாள் பூரா தினை கொறிக்கற இதுக்கு அப்படி ஒரு சித்தப்பா வீடு!

சரி, பொண்ணு கேட்டதுக்கு வர்றேன். அண்ணன் தங்கச்சிய சேத்தா நீலம் வரலாம்தான், ஆனா வேணாம். நீலம் ஒளிஞ்சிருந்த மாதிரியே நல்லதில்லாத ஜீனும் ஒளிஞ்சிருக்கும், ஒரே ரத்தத்துல சேக்க சேக்க அதுவும் ஜோடியா வெளிய வரும். வேற ஆள்கிட்ட இருந்து சொந்தமில்லாத ஒரு நீலத்தை வாங்கி, இது பெருசானதும் ஜோடி போடுங்க, எல்லா குஞ்சும் நீலமாவே வரும்.

வேற வழியே இல்லாம சொந்தத்துக்குள்ளயே பெருகின பறவையும் உண்டு. நியூசிலாந்துக்கு கிழக்கே சாத்தம் தீவுல பிளாக் ராபின்னு ஒரு கருப்பு சிட்டு, 1980ல உலகத்துலயே மொத்தம் 5 தான், முட்டையிட்டு குஞ்சு வளத்தது ஒரே ஒரு பெட்டை. கால்ல நீல வளையம் போட்டிருந்ததால அதுக்கு பேர் ஓல்ட் ப்ளூ. பறவைகளை காப்பாத்தற டான் மெர்ட்டன்ங்கிறவரோட டீம் அது இட்ட முட்டைய எடுத்து டாம்டிட்ங்கிற வேற சிட்டோட கூட்டுல வச்சு அடைகாக்க விட்டாங்க, அதனால ஓல்ட் ப்ளூ திரும்ப முட்டையிட்டுச்சு. இன்னிக்கு இருக்கற நூத்துக்கணக்கான பிளாக் ராபினும் ஓல்ட் ப்ளூவும் அதோட ஆணும் சேந்த அந்த ஒரு ஜோடியோட வம்சம்தான்.

இதுல உங்க முட்டை விஷயமும் வருது. சில பெட்டைங்க முட்டைய கூட்டோட விளிம்புல போட்டுச்சு, அப்படியே விட்டா பொரியாது, ஒரு முட்டை கூட வீணாகக்கூடாதேன்னு இவங்க கையால உள்ள தள்ளி விட்டாங்க. அந்த பழக்கம் ரத்தத்துல வர்றதாம், அதனால தள்ளி விட்ட முட்டையில பொறந்த பெட்டைங்களும் விளிம்புலயே போட ஆரம்பிச்சு 80கள் முடியறதுக்குள்ள பாதிக்கு மேல அப்படி ஆயிடுச்சு. தள்ளறதை நிறுத்தினதும் கொறைஞ்சு கொறைஞ்சு 2011ல 9 சதவீதம். எனக்கு இதை படிக்கும்போது அந்த டீமை குத்தம் சொல்லவே மனசு வரல, 5 பறவைய வச்சுக்கிட்டு யாரா இருந்தாலும் தள்ளித்தான் விட்டிருப்பாங்க.

உங்க பெட்டை கதை வேற, முதல் ஈட்டுல தரையில போடறது சகஜம். எடுத்து உள்ள வச்சது தப்பில்ல. அடுத்த ஈட்டுலயும் அதே பண்ணினா பானை வாய் சின்னதா இருக்கான்னு பாருங்க.

கேள்வி: மெல்போர்ன்ல பையன் வீட்டுக்கு போயிருந்தப்ப கருப்பு வெள்ளையா ஒரு பறவை தலையில கொத்த வந்துச்சு, மேக்பைன்னான். நம்ம காக்கா ஜாதியா? - ஜெயநகர் வாசகர்

பதில்: இல்லீங்க. வெள்ளைக்காரங்க அங்க போய் இறங்கினதும் ஊர் ஞாபகத்துல வச்ச பேர் அது, கருப்பு வெள்ளையா இருந்தா மேக்பை, செவந்த மார்பா இருந்தா ராபின். அந்த மேக்பை புட்சர்பேர்டுங்கிற அந்த ஊர் பறவைக்கு சொந்தம், நம்ம பக்கம் கரண்ட் கம்பியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்குமே சாம்பல் கலர் உட்ஸ்வாலோ, அதுவும் அந்த குடும்பம்தான். ராபினும் இதே கூத்துதான், லால்பாக்ல காலையில பாடற மேக்பை ராபின் இங்கிலாந்து ராபினுக்கு நெருக்கம், பிளாக் ராபின் ரொம்ப தூரத்து உறவு. 1980கள்ல சிப்லி, ஆல்குவிஸ்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பறவைகளோட டிஎன்ஏவை ஒப்பிட்டு பாத்தப்பதான் இந்த குழப்பம் தெளிய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சியில நம்ம காக்கா, மைனா, சிட்டுக்குருவின்னு பாட்டுப் பறவை கூட்டம் மொத்தத்துக்கும் பூர்வீகமே அந்த ஆஸ்திரேலியா பக்கம்தான்னு தெரிஞ்சுது. கொத்தினதுக்கு காரணம் கூட்டுல குஞ்சு, அடுத்த தடவை வசந்த காலத்துல போனா குடை பிடிச்சுக்கிட்டு நடங்க.

கேள்வி: பட்ஜி வளக்கலாம்னா பச்சைக்கிளி வளக்கலாமா? - பிரேசர் டவுன்

பதில்: கூடாது. பச்சைக்கிளி நம்ம நாட்டு காட்டுப் பறவை, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, கூண்டுல வச்சா கேஸ். ஜோசியக்காரர்கிட்ட இருக்கேன்னு கேக்காதீங்க, அதுவும் கேஸ்தான்.