ராகுவும் மைலோ டின்னும்

கேள்வி: கிரகணத்தன்று ராகு சூரியனை விழுங்குவதாகப் பாட்டி சொல்கிறார், பள்ளியில் நிழல் என்கிறார்கள். மதம் அறிவியல் பாடத்தைக் கெடுக்கிறதா, ஐயா? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: பாட்டியைக் கடிந்துகொள்ளாதீர்கள், அம்மா. 2019 டிசம்பர் 26 கிரகணத்துக்குப் பினாங்கில் எங்கள் வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். மைலோ டின் மூடியில் ஆணியால் துளையிட்டு, தரையில் விரித்த வெள்ளைத் தாளில் கடித்த பிஸ்கட் மாதிரி விழுந்த சூரியனைப் பேரனுக்குக் காட்டினேன். அப்புறம் என் அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

கிரகணம் நிழல்தான் என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கருத்துக்கு வித்திட்ட அறிவியலாளர் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். நம்பிக்கை இருக்கட்டும், பாடத்தில் கைவைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமம் கற்பித்ததாக 1925இல் ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். பரிணாமம் கற்பிக்கக்கூடாது என்ற அந்தச் சட்டம் 1967 வரை நீடித்தது. எத்தனை பிள்ளைகளின் படிப்பு, அம்மா!